துண்டுக்கடியில் மூன்று விரல்

1

போன வாரம் கூட்டுறவு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் சொசைட்டியைப் பார்வையிட வந்தார். சொசைட்டி என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். தாராவியில், மாஹிம் ஓடைப் பக்கமாகத் தகரம் வேய்ந்த ஓர் அறை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, பூட்டு கெட்டுப்போன ஓர் அலமாரி. சுவரில் கண்ணாடி போட்ட பதிவுச் சான்றிதழ். அதற்குக் கீழே ஓர் ஆணியில், பச்சைக் கட்டம் போட்ட பழைய துண்டு ஒன்று தொங்குகிறது.

அதிகாரி சொத்துப் பட்டியல் எழுதினார். மேசை எழுதினார், பெஞ்சு எழுதினார், பூட்டு கெட்ட அலமாரியையும் மனமில்லாமல் எழுதினார். பிறகு பேனாவால் துண்டைக் காட்டி மராத்தியில் என்னவோ கேட்டார். பம்பாய்க்கு வந்து பத்து வருஷம் ஆகியும் மராத்தி எனக்குக் காதில் ஏறவில்லை. அந்த மாதிரி சமயத்தில் என் மகள் லில்லிதான் எனக்கு வாய்.

“அப்பா, துண்டு யாரோடதுன்னு சாப் கேக்காரு. சொசைட்டியோடதுன்னா லிஸ்ட்ல போடணுமாம்.”

“சொசைட்டியோடதுதான். போடச் சொல்லு.”

“கீமத் என்னன்னு கேக்காரு. வெலை.”

நான் ஒரு விலை சொன்னேன். லில்லிக்கு முகம் சிவந்துவிட்டது. அதிகாரி என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாங்கள் முதன்முதலாகத் தராசில் மாடு ஏற்றி விற்று இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அந்த விலையை ஏன் சொன்னேன் என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் இல்லாதவனுடைய எழுத்து இது. அச்சுக் கோர்க்கிற தம்பி என்னைத் திட்டாமல் கோர்க்க வேண்டும்.

2

நாங்கள் செய்கிற தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். “சாமுவேல் பம்பாயில் எருமையைக் கொழுக்க வைத்து வெட்டுக்குக் கொடுக்கிறானாம்” என்று ஊரில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். பேசட்டும், உண்மைதானே. இந்த நகரத்தில் பால் எருமைக் கொட்டில்கள் ஏராளம். பால் வற்றிய எருமையையும் கடாக் கன்றையும் அவர்கள் வைத்துத் தீனி போடமாட்டார்கள். நாங்கள் வாங்குகிறோம். பருத்திக் கொட்டை, கடலைப் புண்ணாக்கு, துவரைப் பொட்டு என்று மூன்று நான்கு மாதம் போட்டு வளர்த்து, மாஹிம் பாலம் தாண்டிப் பாந்திராவுக்கு நடத்திக் கொண்டுபோய் விற்கிறோம். ஆளுக்கு மூன்று மாடு, நான்கு மாடு. அதற்கு மேல் கட்டிவைக்க இந்தத் தாராவியில் இடம் ஏது? மனுஷனுக்கே கால் நீட்ட இடமில்லை.

நான் வந்தது தோல் பதனிடும் வேலைக்கு. மாடு வளர்ப்பது பக்கத் தொழில். ஊர்ச் சந்தையிலேயே கை பழகியவன் நான். சந்தையில் துண்டு போட்டுப் பேரம் பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்கடியில் போய்விடும். வாய் ஊர்க்கதை பேசும். எதிராளியின் உள்ளங்கையில் எத்தனை விரல் வைக்கிறோமோ அத்தனை நூறு. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் விலை தெரியாது. பம்பாய்க்கு வந்தால் இங்கேயும் அதே துண்டு, அதே விரல். பாஷை தெரியாத ஊரில் எனக்குப் புரிந்த ஒரே பாஷை அதுதான் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்!

நாலாவது வருஷம் தோல் பிழிகிற உருளையில் கை போயிற்று. இரண்டு விரல் போனதோடு கை தப்பியது என்று டாக்டர் சொன்னார். தப்பியதுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் மாட்டை விற்கப் போனபோதுதான் எனக்கு என்ன போயிற்று என்பது விளங்கியது.

துண்டுக்கடியில் கையை விட்டேன். ஐந்து என்று சொல்ல வேண்டும். இருக்கிற விரலை எல்லாம் அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் ஒரு நிமிஷம் தடவிப் பார்த்தான். பிறகு துண்டை உதறி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “தீன் போலா! மூணு சொல்லிட்டான்!” என்று கூட்டத்துக்குச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். இடது கையை நீட்டினேன். இடது கையால் விலை சொல்வது அவமரியாதையாம், யாரும் அதைத் தொடவில்லை. அன்றைக்கு மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு பாலத்தில் வரும்போது அழுதேன். மறைத்து எழுத என்ன இருக்கிறது? கடாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

3

அப்புறம் எனக்காகத் துண்டுக்கடியில் கை விட்டவர் இபுராஹிம் பாய். அவரும் நம் ஜில்லாக்காரர்தான். எனக்கு மூன்று வீடு தள்ளிக் கொட்டில் வைத்திருக்கிறவர், ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். துண்டுப் பேரத்தில் அவரை அடிக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பச்சைக் கட்டம் போட்ட துண்டு ஒன்று எப்போதும் அவர் தோளில் கிடக்கும்.

“நீரு பேசாம நில்லும்வே, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு என் மாட்டுக்கு விலை பேசினார். தரகு வாங்கவில்லை. முதல் இரண்டு தடவை எனக்கு நன்றியைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

மூன்றாவது தடவைதான் மனசு கோணியது. அது என் கொட்டிலிலேயே வளர்ந்த நல்ல கடா. முதுகு மேசை மாதிரி இருக்கும். ஐந்துக்குக் குறையாது என்று வீட்டில் எஸ்தரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். எஸ்தர் என் மனைவி. இபுராஹிம் பாய் துண்டை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “நாலுதாம்வே வருது. குடுத்திரும்” என்றார். கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது.

அவ்வளவுதான். தகரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது என் கடாவாகத் தெரிந்தது. வாங்கியவன் எத்தனை விரல் வைத்தான் என்று யாரைக் கேட்பது? துண்டுக்குத்தான் தெரியும். அவரிடம் நேரே கேட்கவும் வாய் வரவில்லை, உதவி செய்கிற மனுஷனை எப்படிக் கேட்பது? கேட்காமல் இரண்டு வருஷம் சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே வெந்தேன். எஸ்தர் மட்டும் சொல்வாள்: “தகரம் வாங்க மனுசனுக்கு வேற வழியே கெடையாதா? அவரு பொஞ்சாதி ரெண்டு மாசமா பீடி சுத்துனது ஒங்க கண்ணுக்குத் தெரியலையோ?” எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்தது. என் மாட்டை நானே வாயால் விலை சொல்லி விற்க வழி வேண்டும். இல்லையென்றால் தொழிலை விட வேண்டும். மூன்று விரல்காரனுக்குத் தோல் பட்டறையில் யார் வேலை கொடுப்பார்கள்? கொட்டிலை மூடினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். லில்லியோ அப்போது ஊர் என்றாலே மூக்கைச் சுளிக்கத் தொடங்கியிருந்தாள்.

4

இந்த ராஜ்யத்தில் எதற்கெடுத்தாலும் சொசைட்டி. கரும்புக்கு, பாலுக்கு, பருத்திக்கு. மாட்டுக்கு ஏன் கூடாது என்று முதலில் கேட்டது மாடசாமி அண்ணாச்சி. எங்கள் பக்கத்துக் கொட்டில்காரர், குரல் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. எல்லாரும் மாட்டை ஒன்றாகக் கொண்டுபோவது, ஒன்றாக விற்பது, துண்டு கிடையாது, தராசில் எடை, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி விலை. நான் மிஷன் பள்ளியில் எட்டு வரை படித்தவன் என்பதால் செகரெட்டரி ஆனேன்.

பதிவு அலுவலகத்துக்கு எத்தனை நடை! விண்ணப்பப் பாரம் எல்லாம் மராத்தி. லில்லி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு என்னோடு வந்தாள். குமாஸ்தா எங்கள் தொழிலைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். ‘பால் உற்பத்தியாளர்’ என்று போட்டால் மூன்று வாரத்தில் முடியும் என்று ஆசை காட்டினார். பால் வற்றிய எருமையை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பால்காரன் ஆவேன்? கடைசியில் ‘கால்நடை வளர்ப்போர்’ என்பதற்கு இரண்டு பேரும் இறங்கி வந்தோம்.

லில்லிக்கு அந்தப் பால் யோசனை மிகவும் பிடித்திருந்தது. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. அவளோடு மாதுங்காப் பெண்கள் படிக்கிறார்கள், ஆபீஸ் உத்தியோகக்காரர்களின் பிள்ளைகள். அவர்களிடம் “எங்க அப்பா டெய்ரி வச்சிருக்காரு” என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் மாதுங்காவிலிருந்து வேலைக்காரம்மா ஒருத்தி பித்தளைச் செம்போடு வாசலில் வந்து நிற்கிறாள். “மாமி நல்ல எருமைப் பாலா வாங்கிண்டு வரச் சொன்னா.” லில்லி உள்ளே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எஸ்தர் அசரவில்லை. “எங்க எருமையெல்லாம் பால் வத்திப்போச்சும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதில் ஒரு பொய் உண்டா? சாயந்திரம் லில்லியிடம் கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. வீட்டில் அவள் எங்களுக்குப் பதில் சொல்வது பாதிக்கு மேல் இந்தியில்தான். தமிழ் எழுத்தை, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் வாசிப்பாள். இந்தக் கட்டுரையையும் அவள் வாசிக்கப்போவதில்லை.

கடைசித் தடை, ஆள் கணக்கு. பத்துக் குடும்பம் கையெழுத்துப் போட்டால்தான் சொசைட்டி. எங்களிடம் ஒன்பது இருந்தது. பத்தாவதாக மிச்சம் இருந்தவர் இபுராஹிம் பாய். துண்டால் பிழைக்கிற மனுஷன், துண்டு வேண்டாம் என்கிற சொசைட்டியில் எதற்குச் சேர்வார் என்று நினைத்தேன். அண்ணாச்சி போய்க் கேட்டார். இபுராஹிம் பாய் வந்தார், விதிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டார். எனக்கு அதிலும் சந்தேகம். உள்ளே இருந்து கெடுக்கத்தான் வருகிறார் என்று எஸ்தரிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

விதிகளை எழுதியவன் நான். ஏழாவது விதி: ‘நிறுவை நாளுக்கு முன் எந்த உறுப்பினரும் மாட்டுக்கு உப்புத் தீனி போட்டுத் தண்ணீர் காட்டலாகாது.’ சந்தைப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். துண்டுப் பேரத்தில் மாட்டைக் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பு. முதல் நாள் தீனியில் இரண்டு கை உப்பைக் கலந்து வைத்துவிட்டு, விடிந்ததும் தண்ணீர் காட்டினால் மாடு குடம் குடமாகக் குடிக்கும். வயிறு உப்பி, தோல் மினுங்கும். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பெண்ணுக்குப் பவுடர் போடுகிற மாதிரிதான். ஆனால் தராசு வேறு. தராசில் அது திருட்டு.

5

கப்பல்களுக்கு இறைச்சி கொடுக்கிற ஒரு கான்டிராக்டர் எங்கள் மாடுகளைப் பார்க்கச் சம்மதித்தார். அவருடைய கொட்டில் பாந்திராவில். மேடைத் தராசு இருந்தது. மாடுகள் சரியாக இருந்தால் மாதா மாதம் எங்களிடமே எடுப்பதாகப் பேச்சு. சரியாக இல்லையென்றால் அதோடு முடிந்தது. சொசைட்டியும் முடிந்தது, நானும் முடிந்தேன்.

அன்று விடிகாலை பத்துப் பேரும் முப்பதுக்குக் கொஞ்சம் கூடுதலான மாடுகளை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். அண்ணாச்சி கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி சலவை வேட்டி கட்டியிருந்தார்.

கான்டிராக்டரின் மேனேஜர் நிதானமான ஆள். ஆளுக்கு ஒரு மாட்டை முதலில் நிறுத்து, அதன் எடையை விலாவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். அண்ணாச்சியின் கடாதான் முதலில் மேடையில் ஏறியது. நல்ல எடை. எழுதி முடிப்பதற்குள் அது வாலைத் தூக்கியது. குழாயைத் திறந்துவிட்டதுபோல நிற்காமல் போகிறது. மேனேஜர் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மாட்டைக் கூப்பிட்டார். அதுவும் அப்படியே. மூன்றாவது என்னுடையது. கேட்பானேன்!

பத்தாவது மாடு இபுராஹிம் பாயுடையது. அதையும் எழுதிவிட்டு மேனேஜர் சுண்ணாம்புக் கையைத் தட்டிக்கொண்டு இந்தியில் சொன்னார். “எல்லாத்தையும் கட்டுங்க. ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. சாயந்திரம் திரும்ப நிறுக்கேன். பானி தாராவி மே பேச்சோ, தண்ணிய தாராவியிலயே வித்துக்கோங்க.”

வெயில் ஏறியது. மாடுகள் விட்டது கொட்டிலில் வாய்க்காலாக ஓடியது. நாங்கள் பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம்.

“எவன்லே உப்பு வச்சது? எந்தப் பய?” என்று அண்ணாச்சி கத்தினார்.

“ரூல் எழுதி வாசிச்சுக் காட்டுனேனா இல்லையா? காதுல பஞ்சா வச்சிருந்தீங்க?” என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன் நான். ஆமாம், நான்தான். முதல் நாள் என் கொட்டிலில், என் மூன்று மாட்டில் இடுப்பு எலும்பு தெரிகிற ஒன்றைப் பார்த்துப் பயந்து, ஒன்றுக்கு வைத்தால் மற்றதற்கும் வைக்கலாமே என்று மூன்றுக்கும் உப்பு வைத்தவன். ஒன்பது பேர் ஒழுங்காக இருக்கும்போது ஒருத்தன் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். மாட்டிக்கொள்வோம் என்கிற பயத்தில் குரல் ஏறியது. அந்தக் குரலோடு திரும்பி இபுராஹிம் பாயைப் பார்த்துச் சொன்னேன்:

“கை வித்தை பழகுன ஆளு யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். பத்தாவது ஆளு இல்லன்னாலே நல்லா இருந்திருக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். 

சாயந்திரம் மறுபடி நிறுத்தார்கள். சுண்ணாம்பில் எழுதிய எடையும் தராசு காட்டிய எடையும் ஒன்பது மாட்டுக்கும் ஒட்டவே இல்லை. என் மாட்டின் முன்னால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பத்தாவது மாடு ஏறியது. முள் காலையில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றது. மேனேஜர் விலாவைத் தட்டிக் கொடுத்தார்.

“இது யார் மாடு? உன்னோட மூணையும் பேசுன விலைக்கே எடுக்கேன் பாய். மத்தவங்க ஓட்டிட்டுப் போகலாம்.”

எனக்குக் காதில் ரயில் ஓடுகிற சத்தம். எல்லாம் போயிற்று. லில்லியை ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று அந்த நிமிஷமே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

இபுராஹிம் பாய் இந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். “சாப், இது என் மாடு இல்லை, சொசைட்டி மாடு. பிரித்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. எடுத்தால் எல்லாவற்றையும் எடுங்கள். ராத்திரி உங்கள் கொட்டிலிலேயே கிடக்கட்டும், காலையில் வெறும் வயிற்றில் நிறுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விலை. இல்லையென்றால் இந்த மூன்றும் அவற்றோடு வீட்டுக்கு நடக்கும்.”

மேனேஜர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு நல்ல விலைக்கும் மட்ட விலைக்கும் நடுவே ஒரு விலை சொன்னார். எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார். இபுராஹிம் பாயின் மாடுகளுக்கு அது குறைவு. எங்கள் ஒன்பது பேர் மாட்டுக்கு அது அதிகம். அவர் எங்கள் பக்கம் திரும்பி, “சரிதானவே?” என்று மட்டும் கேட்டார்.  ஒன்பது பேரும் தலையை ஆட்டினோம்.

6

மாடுகளை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு தாராவிக்குத் திரும்பினோம். சொசைட்டி அறைக்கு வந்ததும் அண்ணாச்சி மறுபடி தொடங்கினார். உப்பு வைத்தவன் பெயர் தெரியாமல் சோற்றில் கை வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கூஜாவில் டீ கொண்டுவந்த எஸ்தர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, நான் சொல்லவா?” என்றாள். “காலையில கஞ்சிக்கு உப்புப் போடப் பானையத் தெறந்தேன். தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. கடை தெறக்கல. ஒங்க வீட்டுக்குத்தான் மொதல்ல ஓடுனேன். மதினி பானையக் கவுத்துக் காட்டுனாவ. அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கயும் இல்ல. இந்தச் சந்து பூராவும் கிண்ணத்தத் தூக்கிட்டு அலைஞ்சேன், எனக்கு எதுத்தாப்புல இன்னும் நாலு பொம்பளைய கிண்ணத்தோட வாராவ. பத்து வீட்டுல ஒம்பது வீட்டுல உப்பு இல்ல. ஆயிஷா அக்கா வீட்டுல மட்டுந்தான் இருந்துச்சு. ஒங்க எல்லாரு வீட்டுக் கஞ்சிக்கும் இன்னைக்கு அவிய உப்புத்தான்.”

ஆயிஷா அக்கா, இபுராஹிம் பாயின் மனைவி.

“செகரெட்டரி வீட்டுப் பானையும் காலிதானா?” என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

“அதத்தான மொதல்ல சொன்னேன்” என்றாள் எஸ்தர். கூஜாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

 அண்ணாச்சிதான் முதலில் சிரிக்கத் தொடங்கினார். சலவை வேட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒன்பது பேரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இபுராஹிம் பாய் எழுந்து தொழுகைக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை நிறுவை முடிந்து, மத்தியானம் அவர் கொட்டிலுக்குப் போனேன். மாடு இல்லாத கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

“பாய், நேத்து நான் பேசுனது...”

“விடும்வே. கோவத்துல வாறதுதான.”

“கோவம் இல்ல, பயம். நானும்தான் வச்சேன். நீரு ஏன் வைக்கல?”

“இது என்னவே கேள்வி? நீரு வாசிச்சீரு, நான் கையெழுத்துப் போட்டேம்லா?”

இப்போது விட்டால் இனிக் கேட்க முடியாது என்று தோன்றியது. “இன்னொண்ணு கேக்கணும். ரெண்டு வருசமா கெடக்கு நெஞ்சுல. அந்தப் பெரிய கடா. நாலுன்னு சொன்னியரே.”

விளக்குமாற்றைக் கீழே போட்டார். என்னை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டு வருஷமும், என் சிரிப்பும், தகரக் கூரையும், எல்லாம் அவருக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குப் பூமி பிளக்காதா என்று இருந்தது. அவர் கிட்டே வந்து என் வலது கையைப் பிடித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைமேலும் போட்டார். என் உள்ளங்கையில் விரல்களை வைத்தார். எண்ணினேன். நான்கு.

“அன்னைக்கு அந்த ஆளு இதான் வச்சான்” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதற்கும் சாட்சி கிடையாது. அதுவும் துண்டுக்கடியில்தான். நான் நம்பினேன். கல்லை இறக்கி வைத்ததுபோல நம்பினேன். கையை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை.

“இப்ப நீரு ஒரு வெலை வையும்.”

“என்ன வெலை? மாடே இல்லயே.”

“சும்மா வையுமேன்.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவமானப்பட்ட நாளுக்குப் பிறகு துண்டுக்கடியில் நான் விரல் வைக்கவே இல்லை.  இருக்கிற மூன்றையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல் போன இடத்து மொட்டையும் அவர் கையில் பட்டது. அவர் தடவிப் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை. மொத்தக் கையையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

“அஞ்சு” என்றார், சத்தமாக.

உள்ளே இருந்த ஆயிஷா அக்கா, “யாரு, என்ன அஞ்சு?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல, சாமுவேலு வெலை சொல்லுதாரு” என்றார். பிறகு துண்டை மடித்து என் தோளில் போட்டார். “இனி எனக்கு இது எதுக்கு? சொசைட்டியில ஒரு ஆணி அடிச்சு மாட்டும்.”

மாட்டினேன். ஒரு வருஷமாகத் தொங்குகிறது. மேனேஜர் மாதா மாதம் எடுக்கிறார். ஏழாவது விதியை இதுவரை யாரும் மீறவில்லை, நிறுவைக்கு முதல் நாள் எஸ்தரே பத்து வீட்டு உப்புப் பானையையும் திறந்து பார்த்துவிட்டு வருகிறாள்.

போன வாரம் அதிகாரி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டபோது நான் சொன்னது, “அஞ்சு”.

“அப்பா, புதுத் துண்டே ரெண்டு ரூவாதான்” என்றாள் லில்லி பல்லைக் கடித்துக்கொண்டு.

“தெரியும். அஞ்சுன்னு சொல்லு.”

“பாச் ருபயே” என்றாள் அவள் தரையைப் பார்த்தபடி. அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இபுராஹிம் பாய் சிரிக்கவில்லை. குனிந்து, கட்டியிருந்த சாரத்தில் இல்லாத தூசியை வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்.